ஆண்டொன்றுக்கு ஓர் உயர்ந்த இலக்கு

புத்தாண்டு பிறக்கும்பொழுது இல்லந்தோறும் புதிய நாட்காட்டி சுவரில் ஏறுகிறது. அதனுடன் சில தீர்மானங்களும் நம் மனத்தில் இடம் பெறுகின்றன. நாட்காட்டி ஆண்டு முழுவதும் சுவரில் இருக்கிறது. தீர்மானங்களோ பெரும்பாலும் முதல் திங்கள் முடியுமுன்னரே மறைந்துவிடுகின்றன. ஆங்கிலப் புத்தாண்டு, சித்திரை முதல் நாள், தீபாவளியை அடுத்துத் தொடங்கும் வீர நிர்வாண ஆண்டு என நமக்குத் தொடக்க நாள்கள் பல உள்ளன. ஆகவே தொடங்குவதற்கு நல்ல நாள் வாய்க்கவில்லை என்று நாம் கூற இயலாது. குறை, இலக்கை வகுத்துக்கொள்ளும் முறையில் உள்ளது.

இலக்கு மிகப் பெரிதாக இருந்தமையால் கைவிட நேர்ந்தது என்பர் சிலர். அதனால் இனிச் சிறியவற்றையே எண்ணுவோம் என்றும் முடிவு செய்வர். அம்முடிவு ஏற்கத்தக்கதன்று. இலக்கு பெரிதாகவே இருக்கலாம். ஆனால் அதற்காக ஒவ்வொரு நாளும் நாம் ஆற்றும் பங்கு சிறிதாகவும், அளவு குறிக்கப்பட்டதாகவும், எழுதி வைக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். இதுவே இப்பாடத்தின் கருத்து.

ஒரு தமிழாசிரியர் மேற்கொண்ட இலக்கு

நம் சமூகத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு வரலாற்றை முதலில் காண்போம். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார் உ. வே. சாமிநாதையர். அப்பொழுது அவருக்கு வயது 25. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அந்நகரில் முன்சீபாகப் பணியாற்றிய சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ் நூல்கள், தலபுராணங்கள் முதலியவற்றை வரிசையாகக் கூறினார். முதலியார் அவற்றில் மனம் கொள்ளவில்லை. சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என்று வினவினார். அந்நூல் தமக்குக் கிடைத்ததில்லை என்றும், கிடைத்தால் கற்கும் துணிவு உண்டு என்றும் ஆசிரியர் விடையளித்தார். முதலியார் தம்மிடமிருந்த படியை அவரிடம் கொடுத்தார்.

படிக்கத் தொடங்கியபின் இடர்ப்பாடு புலனாயிற்று. நூலிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் ஜைன சமயக் கருத்துகள் பல வந்தன. அவற்றை விளக்குவார் அவருடைய வட்டத்தில் இல்லை. கும்பகோணத்திலேயே ஜைனர் வாழும் வீதி உண்டு என்பதை அறிந்து அங்குச் சென்றார். அவர் சென்ற இல்லம் கோலமும் தோரணமுமாக விளங்கிற்று. யாது விழா என்று கேட்டபொழுது, தொடர்ந்து படித்து வந்த சீவக சிந்தாமணி அன்று நிறைவு பெற்றது என்ற விடை கிடைத்தது. புலவர் பலரும் கண்டறியாத நூல், ஓர் இல்லத்தில் முறையாகப் படிக்கப்பட்டு வந்ததை அறிந்து அவர் வியந்தார். அதன்பின் சந்திரநாத செட்டியார் முதலிய ஜைன அன்பர்களிடம் ஐயங்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார்.

சிந்தாமணிப் பதிப்பு 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடையே ஏழாண்டுகள் கழிந்தன. அவ்வேழாண்டும் அவர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏடுகளை ஒப்புநோக்கினார். சொற்களுக்கும் மேற்கோள்களுக்கும் குறிப்பெழுதினார். பின்னர் 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன. ஒன்றைச் செய்து முடித்த பயிற்சி அடுத்ததற்குத் துணையாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டுவன மூன்று. இலக்கு இன்னது என்று பெயர் சொல்லக்கூடியதாக இருந்தது. அறியாதவற்றை அறிந்தாரிடம் சென்று கேட்கும் பணிவு இருந்தது. அன்றாடக் கடமையை விடாமலே அவ்வேலை நடைபெற்றது.

பெரிய இலக்கு ஆசை ஆகாதோ?

ஆசையைச் சுருக்குமாறு கூறும் நெறியில் நிற்கும் நாம் பெரிய இலக்குகளைக் கொள்ளலாமா என்ற ஐயம் எழலாம். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவது, உடைமைக்கு அளவு செய்துகொள்ளுதல். அளவு செய்யச் சொன்னது பொருளுக்கேயன்றி அறிவுக்கும் முயற்சிக்கும் அன்று. ஆகவே இலக்குகளைப் பெறுவன, ஆற்றுவன என இரு வகையாகப் பகுத்துக்கொள்ளலாம். இவ்வாண்டு இத்துணைச் சவரன் நகை வாங்குவேன் என்பது பெறுவது. இவ்வாண்டு ஒரு காப்பியம் முழுமையும் படிப்பேன், நின்றுபோன பட்டப்படிப்பைத் தொடர்வேன், நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பேன் என்பன ஆற்றுவன.

மற்றொரு வேறுபாடும் உண்டு. தேர்வில் முதலிடம் பெறுவேன் என்று ஒரு மாணவன் கூறினால், அது பிறர் பெறும் மதிப்பெண்ணையும் பொறுத்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் கணக்குப் பயில்வேன் என்பது அவன் கையில் உள்ளது. நம் கையில் உள்ளதையே இலக்காக எழுதுதல் நன்று.

விரதங்கள் கற்பிக்கும் அளவுமுறை

ஆசாரியர் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தைக் கூறும் நூல். அதில் வாழ்நாள் முழுதும் மேற்கொள்வது யமம் என்றும், குறித்த கால அளவுக்கு மேற்கொள்வது நியமம் என்றும் பிரித்துரைக்கப்படுகிறது. புத்தாண்டுத் தீர்மானம் நியம வகையைச் சார்ந்தது. கால எல்லை இல்லாத தீர்மானம் நியமம் ஆகாது.

திக்விரதம், தேசாவகாசிகம் என்னும் இரண்டையும் ஒப்பிட்டு நோக்குவோம். திக்விரதத்தில் இத்திசையில் இவ்வெல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று வாழ்நாளுக்குரிய பேரெல்லை வகுக்கப்படுகிறது. தேசாவகாசிகத்தில் அப்பேரெல்லையே வீடு, ஊர், வயல், ஆறு என்றாற்போன்ற அடையாளங்களால் நாள்தோறும் சுருக்கப்படுகிறது. அதற்குரிய கால அளவுகளாக ஆண்டு, பருவம், திங்கள், பக்கம் முதலியன கூறப்படுகின்றன. பெரியதைக் கைவிடாமல், அதனை அன்றன்றைக்குரிய அளவாக்கிக் கொள்ளும் முறை இது. தேசாவகாசிகம் சிக்ஷாவிரதங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. சிக்ஷை என்பதன் பொருள் பயிற்சி. நாள்தோறும் செய்வதாலேயே மனம் பயிற்சி பெறுகிறது.

திக்விரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள் இரண்டு நம் பாடத்திற்கு மிகவும் பொருந்துவன. வகுத்த எல்லையைப் பின்னர் விரித்துக்கொள்வது ஒன்று. எல்லையையே மறந்துவிடுவது மற்றொன்று. பங்குனிக்குள் முடிப்பதாகக் கூறியதைச் சித்திரைக்குத் தள்ளுவது முன்னதை ஒக்கும். என்ன தீர்மானம் செய்தோம் என்பதே நினைவில் இல்லாமை பின்னதை ஒக்கும். மறதியையும் குற்றமாக எண்ணினர் நம் ஆசாரியர். ஆதலால் இலக்கை எழுதி, நாள்தோறும் கண்ணில் படும் இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஆண்டைப் பகுத்தல்

ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படுவது பாடத்தின் நோக்கத்தை எழுதும் முறை. மாணவர் இப்பாடலை நன்கு அறிவர் என்று எழுதினால் அது போதாது. அறிந்தனரா என்பதைக் காண வழியில்லை. மாணவர் இப்பாடலைப் பிழையின்றி ஒப்பிப்பர், இதன் பொருளை ஐந்து வரிகளில் எழுதுவர் என்று குறித்தால், நிறைவேறியதா என்று வகுப்பு முடிவிலேயே காணலாம். அடுத்து, ஆண்டுக்குரிய பாடங்கள் பருவத்திற்கும், திங்களுக்கும், வாரத்திற்கும், இறுதியில் ஒரு வகுப்பு நேரத்திற்கும் பகுக்கப்படும். இம்முறையை இல்லத்திலும் கையாளலாம்.

எட்வின் லாக், கேரி லாத்தம் என்னும் உளவியலறிஞர் இருவர் 1990இல் வெளியிட்ட நூலிலும் இதற்கு அரணான கருத்தைக் காண்கிறோம். இயன்றவரை செய்க என்று பொதுவாகக் கூறுவதைவிட, திட்டமான, சற்றுக் கடினமான இலக்கே மிகுந்த பயன் தருகிறது என்பது அவர்கள் பல ஆய்வுகளால் கண்ட முடிவு. இலக்கில் மனப்பற்றும், எவ்வளவு முன்னேறினோம் என்ற அறிவும் உடனிருத்தல் வேண்டும் என்றும் அவர்கள் கூறினர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சீவக சிந்தாமணியில் 13 இலம்பகங்களும் 3,145 செய்யுள்களும் உள்ளன. மொத்தத்தைக் கண்டால் மலைப்புத் தோன்றும். நாளொன்றுக்கு 9 செய்யுள்கள் வீதம் படித்தால் 350 நாள்களில் நிறைவெய்தும். ஆண்டில் 15 நாள்கள் மிஞ்சும். உடல்நலக் குறைவு, பயணம், விருந்து ஆகியவற்றிற்கு அந்நாள்கள் இடம் தரும். ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் உரையைப் படிக்கலாம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு இது அரிதாயின், 400 செய்யுள்கள் கொண்ட நாலடியாரை வாரத்திற்கு 8 வீதம் 50 வாரங்களில் முடிக்கச் செய்யலாம். பட்டப்படிப்பைத் தொடர விரும்பும் தாயார் ஒருவர், பாடநூலின் பக்கங்களை எண்ணித் தேர்வுக்கு உள்ள நாள்களால் வகுத்துக்கொள்வாராக. வகுத்து வரும் எண் பெரும்பாலும் அச்சம் தராது.

தவறிய நாளில் செய்வது

எவ்வளவு முயன்றாலும் சில நாள்கள் தவறும். அங்கேதான் பலர் முழுவதையும் விட்டுவிடுகின்றனர். விரத நூல்கள் இங்கும் ஒரு தெளிவைத் தருகின்றன. விரதத்தில் நேரும் வழு அதிசாரம் எனப்படும். விரதத்தையே கைவிடுவது அநாசாரம் எனப்படும். வழு நேர்ந்தால் அதனை உணர்ந்து திருத்திக்கொண்டு விரதத்தில் தொடர்கிறோம். ஆகவே ஒரு நாள் படிக்கவில்லையெனில், அந்நாளுக்கு நேரே குறியிட்டு, மறுநாள் அன்றைய பங்கிலிருந்தே தொடங்குவோம். விட்டவை அனைத்தையும் ஒரே நாளில் ஈடு செய்ய முற்பட்டால் சோர்வே மிகும். மிஞ்சிய 15 நாள்கள் இதற்கென்றே உள்ளன.

குழந்தைகள் தவறும்பொழுது பெற்றோர் கடிந்துரைத்தல் வேண்டா. ஏன் தவறியது, நேரம் பொருந்தவில்லையா, அளவு மிகுந்ததா என்று உடனமர்ந்து ஆராய்தலே நல்லாசிரியர் இயல்பு. பெற்றோர்க்கும் ஓர் இலக்கு இருந்து, அதன் குறிப்பேடும் குழந்தையின் குறிப்பேட்டுக்கு அருகில் இருக்குமாயின் வேறு அறிவுரை தேவைப்படாது.

கும்பகோணத்தில் அன்று அவ்வில்லத்தார் நூலைத் தொடர்ந்து படித்துவந்தமையால், ஐயம் கேட்டு வந்த ஓர் ஆசிரியர்க்கு விடை கிடைத்தது. நாளை நம் வாயிலுக்கு ஓர் இளைஞர் வந்து இந்நூலைப் பற்றிக் கேட்டால், விடை கூறுவார் நம் இல்லத்தில் இருத்தல் வேண்டும். நூல் அச்சில் இருப்பதால் மட்டும் அது நிகழாது. நம்மில் முதியோர் இனி நமக்கு எதற்கு என்று ஒதுங்குதல் தகாது. படிப்பித்துக் காட்டும் பொறுப்பு அவர்களுடையதே.

பயிற்சி

1. இவ்வாண்டு ஆற்றுவதற்குரிய உயர்ந்த இலக்கு ஒன்றை மட்டும் ஒரே வாக்கியத்தில் எழுதுக. அது நம் கையில் உள்ளதா என்று ஆராய்க.

2. அதன் மொத்த அளவை 350 ஆல் வகுத்து, ஒரு நாளைய பங்கைக் குறிக்க.

3. அதற்குரிய நேரத்தையும் இடத்தையும் குறித்து, ஐயம் கேட்கத் தக்கவர் ஒருவரின் பெயரையும் எழுதுக.

4. ஒவ்வொரு திங்களின் இறுதி நாளிலும் குடும்பத்தார் அனைவரும் குறிப்பேடுகளுடன் அமர்ந்து கணக்குப் பார்க்க.

நிறைவு நாளில் வாயிலில் கோலமிட்டுத் தோரணம் கட்ட மறவாதீர்கள்.