படுக்கைப்புண்

பொறிகள் ஐந்தனுள் மெய்யை முதற்கண் வைத்தெண்ணுதல் நம் முன்னோர் வழக்கு. தொல்காப்பியனாரும் மரபியலில் உயிர்களை வகுக்குமிடத்து, ஓரறிவுயிர்க்கு உரியதெனக் கூறியது உற்றறிதலையே. பேச்சிழந்து கட்டிலோடு கிடப்பவரும், தம்மேற் பட்ட கை மெல்லிதோ வலிதோ என்பதை முகக்குறிப்பால் உணர்த்துதல் கண்கூடு. இத்தகையோரின் தோலை வீட்டிற் பேணும் முறைபற்றிச் சிறிது கூறப் புகுந்தேன்.

நலமுடையார் உறக்கத்திலும் தம்மை அறியாமற் புரண்டு படுப்பர். நோயாளிக்கு அஃது இயலாது. உடற்பாரம் முழுதும் எலும்பு புடைத்த இடங்களில் ஊன்றுதலால், ஆங்குள்ள நுண்ணிய இரத்தக் குழல்கள் நசுங்கிக் குருதியோட்டம் தடைப்பட, தசை அழியத் தலைப்படும். முதுகின் அடிப்புறம், இடுப்பின் இருமருங்கு, குதிகால், முழங்கை, பிடரி ஆகியவை புண் எளிதில் தோன்றும் இடங்களாம். வியர்வையும் சிறுநீரும் தோலை ஊறச்செய்து இதற்குத் துணைபுரியும். எம் கடற்கரைப் பக்கத்து வெக்கையில் இதனை விரித்துரைத்தல் வேண்டா.

கும்மிடிப்பூண்டியில் எம் பாட்டியார் பக்கவாதத்தால் ஓராண்டு படுக்கையிலிருந்தார். தோல் சிவக்கின்றதா என்று நோக்குக என ஒரு நூலிற் கண்டு, யான் நாடோறும் நோக்கினேன், சிவப்பைக் கண்டிலேன். ஆனால் ஒருநாள் குதிகாலில் புண் இருந்தது! கருநிற மேனியிற் சிவப்பு எளிதில் தோன்றாதென்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்விடம் சுற்றிலும் உள்ளதினும் கறுத்தோ, ஊதா நிறமாகவோ, தொட்டால் சூடாகவோ, கல்லிப்போயோ இருப்பின் அதுவே அறிகுறி. வெளுத்த மேனியைக் கண்டு எழுதிய நூலை நம் வீட்டிற்கு அப்படியே கொள்ளலாகாது. வந்து பார்த்த செவிலியம்மையார், அவ்விடத்தைத் தேய்த்துப் பிடித்துவிடுதல் கூடாது, உள்ளே நைந்த தசை மேலும் சிதையும் என்றார். அன்புமிகுதியால் யாம் செய்துவந்தது அதுவே.

இரண்டு மணி நேரத்திற்கொருமுறை பக்கம் மாற்றுவது பொதுவிதி. முற்றும் ஒருக்களிக்க வையாது, முதுகிற்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தல் நன்று. கெண்டைக்காலின்கீழ் ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையிற் படாது. நோயாளியை இழுத்து நகர்த்தினால் தோல் உராய்ந்து கிழியும். மடித்த போர்வையொன்றைக் கீழே விரித்து, இருவர் இருபுறமும் பற்றித் தூக்குதலே முறை. வெதுவெதுப்பான நீரால் துடைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, வறண்ட இடத்தில் தேங்காயெண்ணெய் மெல்லப் பூசலாம். முகப்பவுடரை மடிப்புகளிற் கொட்டுதல் வேண்டா. வியர்வையோடு கூடிக் கட்டியாகி உறுத்தும். காற்றுமெத்தை உதவும், எனினும் புரட்டும் வேலையை அது நீக்காது. உண்ண முடிந்தவர்க்கு முட்டை, பருப்பு, பால் ஆகியன தசைக்கு உறுதியளிக்கும்.

படுக்கைப்புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பேணுவோர் குற்றமே என்னும் கருத்தை பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட தம் செவிலியர் குறிப்புகளில் எழுதினார். மருத்துவமனைக்கு அது தகும். தந்தையார் உருக்காலையில் இரவு ஷிப்டும், அம்மா வேறொரு தொழிற்சாலையிற் பகல் ஷிப்டுமாக உழைக்கும் வீட்டில், நள்ளிரவு இரண்டு மணிக்குப் புரட்டுவார் யார்? யான் கடிகாரத்தில் மணி வைத்து எழுந்தேன். தேர்வு நாட்களில் எழாமலும் போனேன். அதனைக் குற்றமென்னும் ஒரு சொல்லுள் அடக்க என் மனம் ஒப்பவில்லை.

2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டத்தில், வீடுதேடிவரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். புண் கறுத்தாலும், நாற்றமோ சீழோ காய்ச்சலோ தோன்றினாலும் கைவைத்தியத்தில் நாள் போக்காது செவிலியரையோ மருத்துவரையோ அழைத்தல் வேண்டும்.

இறுதி நாட்களில் விதிகள் தளரும். புரட்டுதலே வேதனை தருமாயின், நோயாளி விரும்பும் கிடக்கையே முதன்மை பெறும். பாட்டியார் சன்னலை நோக்கிய வலப்பக்கத்தையே கண்ணால் காட்டினார். அம்மா தலையணையை மட்டும் திருத்தி, அவரை அவ்வாறே இருக்கவிட்டார்.