தம்பி, லைட்டைப் பார்த்து கீபோர்டு வாங்காதே

நீ அனுப்பிய மூன்று கேமிங் கீபோர்டுகளையும் பார்த்தேன் தம்பி. விளக்கத்தில் பாதிக்கு மேல் கலர் லைட் புராணம். விளையாடும்போது உன் கண் திரையில்தானே இருக்கப்போகிறது? அந்த வரிகளைத் தாண்டிப் படி.

பெட்டியில் 'மெக்கானிக்கல்' என்று இருக்கிறதா, 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று இருக்கிறதா என்று முதலில் பார். ஃபீல் என்று ஒட்டு போட்டிருந்தால் பெரும்பாலும் உள்ளே ரப்பர் மெம்பிரேன்தான். சும்மா பொழுதுபோக்க அது போதும். மெக்கானிக்கல் விலை மட்டும் கொடுத்துவிடாதே.

அடுத்தது ஸ்விட்ச். காசு போக வேண்டிய இடம் இதுதான். செர்ரி எம்எக்ஸ் வரிசையில் ரெட் தடங்கலே இல்லாமல் இறங்கும், 45 கிராம் அழுத்தம் போதும். பிரவுனுக்கு 55 கிராம். பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். ப்ளூ 60 கிராம், ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'டிக்' என்று சத்தம் போடும். மற்ற கம்பெனிகளும் ஏறக்குறைய இதே நிறக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆடுகிற உனக்கு ப்ளூ வேண்டவே வேண்டாம். அப்பா தூங்க வேண்டும்; மைக்கில் உன் டீமுக்கும் அந்த 'டிக் டிக்'தான் கேட்கும். ரெட் என்றாலும் அடிவரை குத்தினால் சத்தம் வரத்தான் செய்யும். அதற்கு 'சைலன்ட்' என்று தனி வகை இருக்கிறது.

இப்போது எல்லோரும் பேசுவது மேக்னெடிக் ஸ்விட்ச். சாதாரண ஸ்விட்சில் கீ ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இறங்கினால்தான் பதிவாகும். திரும்ப அந்த இடம் வரை மேலே வந்தால்தான் விடுபடும். மேக்னெடிக்கில் காந்தமும் ஹால் எஃபெக்ட் சென்சாரும் இருப்பதால், எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை நீயே வைத்துக்கொள்ளலாம். 'ரேபிட் ட்ரிகர்' போட்டுவிட்டால் விரலைக் கொஞ்சம் தூக்கியதுமே கீ விடுபட்டுவிடும். வேலரன்ட்டில் சட்டென்று நின்று சுடுவதற்கு இது நிஜமாகவே உதவும். கதை கேமோ கிரிக்கெட்டோ ஆடுகிறவன் இதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

இதோடு சேர்த்து 'ஸ்னாப் டேப்' என்று ஒன்றைப் பெரிதாகச் சொல்வார்கள். ஏ, டி இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் கடைசியாக அழுத்தியதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரப்பூர்வ சர்வர்களில் இதற்கு 2024 ஆகஸ்டிலேயே வால்வ் தடை போட்டுவிட்டது. இருந்தால் இருக்கட்டும், அந்த கேமில் அணைத்து வை.

8000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டாய். 1000 ஹெர்ட்ஸ் என்றால் மில்லி செகண்டுக்கு ஒரு முறை தகவல் போகிறது. உன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். அதில் படம் மாறவே 16 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. 8000-க்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மானிட்டருக்குச் சேர்த்து வைடா.

வயர்லெஸ் வேண்டுமென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ளதாக எடு. ப்ளூடூத் டைப் அடிக்க மட்டும்.

அளவில் என் ஓட்டு 87 கீ உள்ள டிகேஎல்லுக்கு. நம்பர் பேட் போய்விடுவதால் மவுஸுக்கு இடம் கிடைக்கும். 60 சதவீத கீபோர்டு பார்க்க அழகுதான், ஆனால் 61 கீதான். அம்புக்குறிக்குக்கூடப் பெரும்பாலும் எஃப்என் பிடித்து அழுத்த வேண்டும். காலேஜ் அசைன்மென்ட்டும் இதில்தானே அடிக்கப்போகிறாய்?

கீகேப் பிபிடி பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரமே எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். ஹாட் ஸ்வாப் இருந்தால் ஒரு ஸ்விட்ச் கெட்டாலும் சால்டரிங் இல்லாமல் கழற்றி மாற்றலாம். ஆனால் மேக்னெடிக் போர்டில் பெரும்பாலும் சாதா மெக்கானிக்கல் ஸ்விட்ச் வேலை செய்யாது, கேட்டுக்கொண்டு வாங்கு.

கடையில் டெமோ பீஸ் இருந்தால் நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிஃப்ட்டையும் பிடித்தபடி ஏ முதல் இசட் வரை அடித்துப் பார். எழுத்து விட்டுப்போனால் பல கீக்களைச் சேர்த்து அழுத்தும்போது அது தடுமாறும் என்று அர்த்தம். ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரத்தையும் தட்டு. லொடலொடவென்றால் வேறு மாடல் காட்டச் சொல். ஆன்லைனில் வாங்கினால், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் இதையெல்லாம் வீட்டிலேயே செய்துவிடு. அதுவரை பெட்டியைக் கிழிக்காதே.