இருபத்தைந்து எங்கிருந்து வந்தது?

இருபடிச் சமன்பாட்டை வர்க்கபூர்த்தி முறையில் தீர்க்கும்போது, "குணகத்தைப் பாதியாக்கு, வர்க்கமாக்கு, இருபுறமும் கூட்டு" என்று மனனம் செய்கிறோம். ஏன் பாதியாக்க வேண்டும்? ஏன் வர்க்கமாக்க வேண்டும்? இது விளங்காத மாணவி, பரீட்சை மண்டபத்தில் ஒரு படியை மறந்தால் முழுக் கணக்கையும் கைவிடுகிறாள். "எனக்குக் கணிதம் வராது" என்ற எண்ணமும் பல வேளைகளில் அங்கேதான் பிறக்கிறது.

இதற்கான விளக்கத்தை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி எழுதிவைத்தார். அவரது நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆனது. வாரிசுச் சொத்துப் பங்கீடு, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் போன்றவற்றில் மக்களுக்குத் தேவையான கணக்குகளுக்காகவே அதை எழுதுவதாக முன்னுரையில் கூறுகிறார்.

அவரது கணக்கு ஒன்று: ஒரு சதுரத்தின் பரப்பளவுடன் அதன் பக்கத்தின் பத்து மடங்கைக் கூட்டினால் 39. பக்கம் எவ்வளவு?

கொப்பியில் ஒரு சதுரம் வரையுங்கள். பக்கத்தின் பத்து மடங்கு என்பது, அப்பக்கத்தை நீளமாகவும் 10ஐ அகலமாகவும் கொண்ட செவ்வகம். அதை 5 அகலமுள்ள இரு செவ்வகங்களாக்கி, ஒன்றைச் சதுரத்தின் வலப்புறமும் மற்றதைக் கீழ்ப்புறமும் சேருங்கள். ஒரு பெரிய சதுரம் உருவாகிறது. ஒரு மூலை மட்டும் வெறுமையாக உள்ளது. அம்மூலை 5க்கு 5, பரப்பளவு 25. ஏற்கெனவே உள்ள 39உடன் அதைச் சேர்த்தால் 64. எனவே பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5ஐக் கழித்தால் 3. சரிபார்த்தால், 9 + 30 = 39.

பாதியாக்கியது, இரு பக்கமும் சமமாகச் சேர்ப்பதற்கு. வர்க்கமாக்கியது, வெற்று மூலையை நிரப்புவதற்கு. இன்று நாம் −13 என்ற விடையையும் எழுதுகிறோம். 64இன் வர்க்கமூலம் −8 ஆகவும் இருக்கலாம் என்பதால் அது கிடைக்கிறது. நீளம் மறை எண்ணாக இருக்க முடியாது; அதனால் அவ்விடை படத்தில் தோன்றுவதில்லை.

பெற்றோரே, பிள்ளையின் கணிதக் கொப்பியைப் பார்க்கும்போது விடை சரியா என்று மட்டும் கேளாமல், "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்றும் கேளுங்கள். அதற்கு நீங்கள் கணிதம் படித்திருக்கத் தேவையில்லை. அவள் வரைந்து காட்டி உங்களுக்கு விளங்கவைத்தால், அவளுக்கும் விளங்கிவிட்டது என்று பொருள்.

மாணவிகளே, உங்களுக்கு ஒரு கணக்கு: சதுரத்துடன் பக்கத்தின் ஆறு மடங்கைக் கூட்டினால் 55. சூத்திரத்தை ஒதுக்கிவைத்து, கடதாசியும் கத்தரிக்கோலும் எடுத்துத் தீர்த்துப் பாருங்கள்.