அஸ்திவாரச் சுவரும் கான்கிரீட் பிளாக்கும்: லிங்கராஜபுரத்துத் தெருவிலிருந்து முக்கியக் குறிப்புகள்

இளநிலைப் பொறியாளர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பாடத்தை வெறும் எண்களாக மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறேன். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவை ஒருமுறை நடந்து கடந்தால் போதும், அந்த எண்கள் கண்ணெதிரே நிற்கும். ஒரு மனையில் பழைய ஓட்டு வீட்டை இடித்த பிறகும் அசையாத சைஸ் கல் அஸ்திவாரம் இருக்கும். அடுத்த மனையில், 30×40 அடி இடத்தில், லாரியிலிருந்து இறக்கிய சாலிட் பிளாக் அடுக்கு இருக்கும். இந்தக் குறிப்புகள் முழுவதற்கும் ஒரு சரடு உண்டு: அஸ்திவாரச் சுவருக்கு முதல் எதிரி தண்ணீர். பாரம் அதற்கு அடுத்ததுதான்.

மண், கல், சொல்

1. பெங்களூரு நிற்பது தீபகற்ப நைஸ் பாறையின் மேல். இந்தப் பெயரை 1916-இல் வைத்தவர் மைசூர் சமஸ்தானப் புவியியல் துறையின் ஸ்மீத். லால்பாக் குன்று இதே பாறைதான். வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

2. கல் கைக்கெட்டும் தொலைவில் கிடைத்ததால்தான் இந்த ஊரின் பழைய வீடுகளுக்கு சைஸ் கல் அஸ்திவாரம். கருங்கல் கட்டடத்துக்குத் தேர்வில் கேட்கும் எடுத்துக்காட்டு விதான சௌதா: நேரு அடிக்கல் நாட்டியது 1951 ஜூலை 13, கட்டி முடிந்தது 1956.

3. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 970 மி.மீ. அளவில் பெய்கிறது. செம்மண்ணும் அதன் கீழ் சரளையும் பொதுவாக நன்றாகப் பாரம் தாங்கும். ஆபத்து நிரப்பு மண்ணில். தர்மாம்புதி ஏரிப் படுகையில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம். ஏரியையோ ராஜகாலுவை என்னும் மழைநீர்க் கால்வாயையோ மூடிய மனையில் வீடு கட்டினால், நிரப்பிய மண்ணைத் தாண்டி இயற்கை மண் வரும்வரை தோண்டியாக வேண்டும்.

4. ஐ.எஸ். 1904: அஸ்திவாரத்தின் குறைந்தபட்ச ஆழம் 50 செ.மீ. இது கீழ் எல்லை மட்டுமே. ‘50 செ.மீ. போதும்’ என்று படித்துக்கொள்ளாதீர்கள்.

5. ஐ.எஸ். 1893 (பகுதி 1): 2016-இன்படி பெங்களூரு நிலநடுக்க மண்டலம் 2. கீழ் மண்டலம் என்பதற்காகப் பிளிந்த் பெல்ட்டை விட்டுவிடலாகாது. 1993 செப்டம்பர் 30 அன்று கில்லாரி நிலநடுக்கத்தில் மண்சாந்தால் கட்டிய கற்சுவர்கள் சரிந்ததை நினைவில் வையுங்கள்.

6. சொற்கள்: தமிழ்நாட்டுக் கொத்தனார் ‘வானம் தோண்டுறோம்’ என்பார், அஸ்திவாரப் பள்ளம் என்று பொருள். கடைக்கால், அஸ்திவாரம் இரண்டும் ஒன்றே. கன்னட வினாத்தாளில் ‘அடிபாய’.

பிளாக்: பிறப்பும் தரமும்

7. போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824 அக்டோபர் 21. உள்ளீடற்ற பிளாக் வார்க்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் ஹார்மன் பால்மர் காப்புரிமை பெற்றது 1900. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் நம் சென்னையில் நடந்தது; நிலைத்த உற்பத்தி 1914-இல் போர்பந்தரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளையும் மாற்றிப்போட்டுக் கேட்பார்கள்.

8. ஐ.எஸ். 2185: பகுதி 1 சாதாரண சாலிட், ஹாலோ பிளாக், பகுதி 2 எடை குறைந்த ஜல்லியில் வார்த்தவை, பகுதி 3 ஏ.ஏ.சி. பிளாக், பகுதி 4 நுரைக் கான்கிரீட் பிளாக். கட்டும் முறைக்கு ஐ.எஸ். 2572. கம்பியில்லாச் சுவர் வடிவமைப்புக்கு ஐ.எஸ். 1905. கலவைக்கு ஐ.எஸ். 2250.

9. ஹாலோ பிளாக் என்றால் மொத்தக் கனஅளவில் 50 முதல் 75 விழுக்காடு திடப்பொருள். ஏ தர ஹாலோவின் அடர்த்தி கனமீட்டருக்கு 1500 கிலோவுக்குக் குறையாது, வலிமை 3.5-இலிருந்து தொடங்கும். சாலிட் பிளாக் சி தரம்: அடர்த்தி 1800-க்குக் குறையாது, வலிமை சதுர மி.மீ.க்கு 4 அல்லது 5 நியூட்டன். இது 8 பிளாக்குகளின் சராசரி. தனி ஒன்று அதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. அதாவது 4-க்கு 3.2, 5-க்கு 4.

10. அடர்த்தியை வீட்டு எடைக்கருவியிலேயே ஓரளவு சோதிக்கலாம். நாடா பிடித்து அளந்து பிளாக் 400×200×150 மி.மீ. இருந்தால் கனஅளவு 0.012 கனமீட்டர். 1800-ஆல் பெருக்கினால் 21.6 கிலோ. காய்ந்த பிளாக் இதற்குக் கீழே நின்றால் சி தரம் இல்லை. ‘காய்ந்த’ என்ற சொல் முக்கியம். நனைந்த பிளாக் தண்ணீரையும் சேர்த்து எடை காட்டிவிடும்.

11. நீர் உறிஞ்சல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. காய்ந்தபோது 20 கிலோ, 24 மணி நேரம் ஊறியபின் 22.4 கிலோ என்றால் 12 விழுக்காடு, தள்ளுபடி. மண்ணுக்குள் போகும் சுவருக்கு வலிமையைவிட நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

12. வார்த்த பிளாக்கை 14 நாள் நனைக்க வேண்டும், பிறகு 4 வாரம் காயவிட வேண்டும். மொத்தம் ஆறு வாரம். கட்டட வேலையில் இதைப்போல மீறப்படும் விதி வேறில்லை. எங்கள் தெருவில் ஒருநாள் காலை இறங்கிய லோடில் ஒரு பிளாக்கைத் தொட்டுப் பார்த்தேன்: உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது, மூலையை ஆணியால் கீறினால் பொடி உதிர்ந்தது. அப்படிப்பட்டதை வைத்துக் கட்டினால் பிளாக் சுவரில் இருந்தபடியே காய்ந்து சுருங்கும். சில மாதத்தில் சாந்து மூட்டுகளில் விரிசல் ஓடும். காய்தல் சுருக்கத்தின் உச்ச வரம்பு 0.06 விழுக்காடு என்பதை இந்தக் காட்சியோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

13. எம்-சாண்ட்: ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு அனுமதிக்கிறது. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள், இயற்கை மணலில் 3 விழுக்காடு வரை. நொறுக்கிய மணலில் 15 வரை.

14. ஜல்லியிலேயே கேடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த பாடம் அயர்லாந்தின் டொனிகால், மேயோ மாவட்டங்கள். குவாரிக் கல்லில் இருந்த மைக்கா, பைரைட் வகைத் தாதுக்களால் வீடுகளின் பிளாக்குகள் ஈரத்தில் நொறுங்கத் தொடங்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. 2017-இல் நிபுணர் குழு அறிக்கை வந்தது, 2022-இல் இழப்பீட்டுக்குத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பிஸ்கட் மாதிரி கையில் நொறுங்கும் சுவரைப் பூசி மறைக்க முடியாது, இடித்துத்தான் கட்ட வேண்டும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டில் இப்படி ஆவதைவிடப் பெரிய இழப்பு ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு என்ன இருக்க முடியும்?

15. பெங்களூருக்கே உரிய கேள்வி: இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் அமுல்யா ரெட்டி தொடங்கிய ‘அஸ்திரா’ மையம். நிலைப்படுத்திய மண் கட்டிகளைப் பரப்பியதில் இதற்குப் பெரும் பங்கு. மண் கட்டிகளுக்கான தரம் ஐ.எஸ். 1725.

கட்டும்போது

16. 400×200 முகமுள்ள பிளாக், சதுர மீட்டருக்கு 12.5. பெயரளவு நீளத்தில் 10 மி.மீ. சாந்து மூட்டும் அடக்கம்; ஆகவே உண்மை நீளம் 390.

17. தேர்வில் பலர் வழுக்கி விழும் இடம்: செங்கல்லை ஊறவைத்துக் கட்ட வேண்டும், கான்கிரீட் பிளாக்கை ஊறவைக்கக் கூடாது. கடும் வெயிலில் மேல்முகத்தையும் பக்கங்களையும் லேசாக ஈரப்படுத்தலாம், அவ்வளவுதான். காரணம் 12-ஆம் குறிப்பில் உள்ள சுருக்கம்தான்.

18. சாந்து பிளாக்கைவிட வலுவாக இருக்கக் கூடாது. 1:6 வழக்கம். சிமெண்டை அதிகம் போட்டால் சுவர் கெட்டியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட சுவரில் அசைவு எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து பிளாக்கையே பிளக்கும். தண்ணீர் ஊற்றிய கலவையை 2 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

19. பிளிந்த் உயரம் சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. (தேசியக் கட்டட விதித்தொகுப்பு). ஈரத்தடுப்புப் படலத்தைப் பிளிந்த் மட்டத்தில் இடைவெளியில்லாமல் ஓடவிட வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் ஈரம் அவ்வழியே மேலேறி, பூச்சில் உப்புப் பூக்கும்.

பக்கவாட்டுத் தள்ளல்: கணக்குப் போட்டே தீர வேண்டிய பகுதி

20. இரண்டு மீட்டர் உயரச் சுவர், பின்னால் மணற்பாங்கான மண், உராய்வுக் கோணம் 30°, எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன். ராங்கின் முறையில் கெழு 1/3. தள்ளும் விசை ½ × 1/3 × 18 × 2 × 2 = 12 கிலோநியூட்டன், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும். அது செயல்படுமிடம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்.

இப்போது அந்த மண் முழுக்கத் தண்ணீரில் நிறைந்ததாக வையுங்கள். தண்ணீர் மட்டும் ½ × 9.81 × 2 × 2 = 19.6. மூழ்கிய மண்ணின் எடை கனமீட்டருக்குச் சுமார் 10.2, அதன் பங்கு 6.8. மொத்தம் 26.4. அதே சுவர், அதே மண். மழைநீர் தேங்கி வடிய வழியில்லாததால் தள்ளல் இரண்டு மடங்குக்கும் மேல். வடிதுளைகளையும் சுவரின் பின்னால் ஜல்லி அடுக்கையும் ‘கூடுதல் செலவு’ என்று வெட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

21. மேல்முனையைத் தளம் பிடித்துக்கொண்டு சுவர் அசையாமல் நின்றால் ராங்கின் கெழு செல்லாது. ‘ஓய்வுநிலை’க் கெழு, அதாவது 1 கழித்தல் சைன் கோணம். 30°-க்கு 0.5. அப்போது காய்ந்த மண்ணே 18 கிலோநியூட்டன் தள்ளும். அப்படிப்பட்ட சுவரில் வளைவு மிகுவது மேலிருந்து உயரத்தின் 0.577 பங்கில். நடுவுக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடும் விரிசலைக் கண்டால் பக்கவாட்டுத் தள்ளலை முதலில் சந்தேகியுங்கள்.

22. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் அருகே நடூர்: கனமழையில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் விடிகாலையில் பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். தூக்கத்தில் இறந்தார்கள். சுவர் என்றால் கட்டுகிறவரின் எல்லை மட்டுமல்ல, அதன் மறுபக்கத்தில் படுத்திருப்பவரின் உயிரும் அதில் இருக்கிறது.

23. எங்கள் பக்கத்து நிகழ்வுகள் இரண்டு: 2021 அக்டோபர் 7 அன்று கஸ்தூரிநகரில் ஓர் அடுக்குமாடி சாய்ந்து சரிந்தது; குடியிருந்தோர் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. 2024 அக்டோபர் 22 அன்று பாபுசாப்பாளையாவில், விடாத மழைக்கிடையே, கட்டிக்கொண்டிருந்த கட்டடம் இடிந்து 9 பேர் இறந்தனர்.

24. குளிர்நாடுகளில் உறையும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் போக வேண்டும். மின்னசோட்டாவின் வட பகுதியில் அது 60 அங்குலம். அவ்வளவு தோண்டியபின் அதையே நிலவறையாக்கிக்கொள்கிறார்கள். பிளாக் அஸ்திவாரச் சுவரை மாற்றும் தொழில் அங்கே பெரிதாக வளர்ந்ததற்கு இது ஒரு காரணம். நம் ஊரில் அதற்கு ஈடானது சம்ப்பும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கீழ்த்தளக் கார் நிறுத்தமும்.

மாற்றிக் கட்டும்போது

25. படிப்படியாக ஏறும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவார இறக்கத்தின் அடையாளம். விரிசல் 0.1 மி.மீ.க்குக் கீழே மயிரிழை. 5 முதல் 15 மி.மீ. நடுத்தரம், 15 முதல் 25 கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. இன்னும் வளர்கிறதா என்றறிய விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதுவார்கள். கண்ணாடி உடைந்தால் அசைவு நிற்கவில்லை.

26. முட்டு வகைகள்: சுவரின் கீழ்ப்பகுதியை எடுக்கும்போது டெட் ஷோர், அதாவது சுவரைத் துளைத்துச் செருகிய ஊசி உத்தரமும் இருபுறத் தூண்களும். சாயும் சுவருக்குச் சாய்முட்டு, தரையோடு 45° முதல் 75° வரை. நடுக்கட்டடம் இடிக்கப்பட்டு எதிரெதிராக நிற்கும் இரு சுவர்களுக்கிடையே ஃப்ளையிங் ஷோர்.

27. பழைய சுவருக்கு அடியில் புதிதாகக் கட்டும்போது ஒரே நேரத்தில் திறக்கும் நீளம் 1.2 முதல் 1.5 மீட்டர், ஒன்று விட்டு ஒன்றாக. எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டில் இது நடந்தபோது தினமும் போய் நின்று பார்த்தேன். சம்ப்பிலிருந்து கசிந்த தண்ணீர் பல வருடமாக மூலைச் சுவரின் அடியை அரித்திருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி, சுவரில் சுண்ணாம்பால் 1, 3, 5 என்று முதலிலும் 2, 4 என்று பிறகும் எழுதிவைத்துக்கொண்டார். வீட்டுக்கார அம்மாவுக்கு அவசரம். “ஏம்ப்பா, ரெண்டையும் சேத்து எடுத்தா ஒரு நாள் மிச்சமாகுமே?” “வேணாம்க்கா. வீடு இப்ப ரெண்டாவது மேலதான் நிக்குது. ஒண்ணு கெட்டியானாத்தான் அது கால எடுக்க முடியும்.” சுண்ணாம்பு எண்களைக் காட்டி அவர் சொன்ன அந்த விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

ஆனால் அவர் முதலில் செய்த வேலை வேறு. முதல் பள்ளம் எடுக்கும் முன்பே சம்ப்பை வற்றவைத்து, கசிவை அடைத்து, ஒரு வாரம் மண் காய விட்டார்.

28. புதுச் சுவருக்கும் பழையதற்கும் இடையே உள்ள இடைவெளியைத் தண்ணீர் குறைந்த, சுருங்காத சாந்தால் இறுக்கிக் குத்தி அடைக்க வேண்டும். தளர்ந்த கலவை காய்ந்து சுருங்கும், மயிரிழை இடைவெளி விடும், வீடு அந்த அளவுக்கு இறங்கும்.

29. முட்டுகளைப் புதுக் கட்டுமானம் முடிந்து 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. எடுக்கும் வரிசை: முதலில் ஊசி உத்தரம், கடைசியில் சாய்முட்டு; ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 நாள் இடைவெளி.

30. பின்மண் நிரப்புவது எல்லாவற்றுக்கும் பிறகு: சுவர் வலுவடைந்து, மேல்முனையைத் தளமோ பெல்ட்டோ பிடித்துக்கொண்ட பின்னர்தான். 150 மி.மீ. அடுக்குகளாக, சுவரை ஒட்டிக் கைத்திமிசுக் கட்டையால் மட்டும் இறுக்கி, கடைசி அடுக்கை வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரிவு கொடுத்து முடிக்க வேண்டும். மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும் சுவரை ஒட்டித் தோண்டாமல் தள்ளியே வைக்க வேண்டும்.