கொதியில் போகாத விஷம்

காரியாபட்டி



தம்பி, தூத்துக்குடியிலிருந்து உன் தமையனார் கொண்டுவந்த நண்டையும் மட்டியையும் பற்றி எழுதிவிட்டு, “எந்த விஷமானாலும் புளியும் மஞ்சளும் இட்டுக் கொதிக்கவைத்தால் போய்விடாதா, ஐயா?” என்று நீ கேட்டிருந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை; நன்கு படித்தவர்களும் இதே அபிப்பிராயத்தைப் பிடிவாதமாகச் சொல்லக் கேட்டுச் சலித்தவன் நான்.

கிருமி கொதியில் சாகும். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பாதரசத்துக்கும் அந்தக் கதி இல்லை என்பதைச் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைக்கு நான் சொல்லவேண்டியிருப்பதுதான் ஆச்சரியம். வாணத்தில் பச்சை ஒளி தரும் பேரியம், ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் எரிந்த பின்னும் அழியாமல், புகையோடு எழுந்து, தூசாக இறங்கி, மண்ணையும் கண்மாய் நீரையும் சேர்கிறது. ஈயம், பாதரசம், ஆர்சனிக் முதலியவற்றைப் பட்டாசில் சேர்க்கலாகாதென்று 2017-லும், பேரிய உப்பு கூடாதென்று 2018-லும் உச்ச நீதிமன்றம் தடுத்ததை உங்கள் தெருவில் அறியாதார் யார்? வாணத்தின் நெருப்புக்கே அடங்காத வஸ்து, நூறு டிகிரியில் கொதிக்கும் குழம்புக்கா அடங்கும்?

மட்டியும் சிப்பியும் இரை தேடி அலைவதில்லை. கிடந்த இடத்திலேயே நீரை ஓயாமல் செவுளில் வடித்து உண்பதால், அந்நீரில் உள்ள உலோகம் அவற்றின் சரீரத்தில் ஆயிரக்கணக்கான மடங்காகத் திரளக்கூடும். மீனைக் குடல் நீக்கி உண்ணும் நாம், சிப்பியைக் குடலும் செவுளும் சேர்த்தே விழுங்குகிறோம். நண்டோட்டுக்குள் ருசியென்று வழித்துத் தின்னும் மஞ்சளே காட்மியம் மிகுதியாகத் தங்கும் ஸ்தானம். உயிருள்ள சிப்பியை ஓரிரு நாள் சுத்தமான நீரில் விட்டால் கிருமி குறையும். உலோகம் விலக வாரங்களும் மாதங்களும் வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கலந்த சேற்றில் இறங்கி, இருளர்கள் வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அங்குள்ள சிப்பிகளில் ஈயமும் காட்மியமும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

ஜப்பானின் மினமாட்டா சரித்திரத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபமே மிஞ்சுகிறது. கைகால் நடுங்கிப் பேச்சிழந்த குழந்தைகளைப் பற்றி, பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்ட தொழிற்சாலையின் சொந்த ஆஸ்பத்திரித் தலைவரே 1956 மே மாதத்தில் அதிகாரிகளுக்கு அறிவித்தார். மறுவருஷமே விரிகுடா மீனையும் மட்டியையும் தின்னக் கொடுத்த பூனைகள் அதே நோயில் விழுந்தன. பாதரசக் கழிவோ 1968 வரை ஓடியது. தாய்மார் உண்டதன் பலனைக் கருவிலிருந்த சிசுக்கள் அனுபவித்தன. பூனை விழுந்த அன்றே குழாயை அடைத்திருக்க வேண்டாமா?

அதற்காகச் சிப்பியே ஆகாதென்று கிளம்பிவிடாதே. இரும்பும் துத்தநாகமும் நிறைந்த நல்ல ஆகாரம் அது. சிறுநீரகத்தில் புகுந்த காட்மியம் பத்து, இருபது வருஷங்களுக்கும் அகலாது என்பதாலும், சிறு பிள்ளைகளின் மூளையை ஈயம் எளிதில் கெடுக்கும் என்பதாலும், உன் அண்ணியாரும் குழந்தையும் நண்டின் மஞ்சளைத் தவிர்க்கட்டும். தமையனார் பீடி குடிப்பவராயின், புகையிலை மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சும் இலை என்பதையும் அவருக்குச் சொல். அவர் கொண்டுவரும் மட்டி ஆலைக் கழிவு சேராத கடற்கரையில் எடுத்ததா, அனல்மின் நிலையத்தை ஒட்டிய ஓடையில் எடுத்ததா என்று விசாரித்து எனக்கு எழுது.