துப்பாக்கியும் விமானப் பயணமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பயிர்க் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போய்ச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் விமானம் ஏறுகிற குடும்பங்களும் அவைதாம். துப்பாக்கி பற்றிய தவறான எண்ணம் ஒன்று போதும், பயணம் காவல் நிலையத்தில் முடிந்துவிடும்.

நம்பிக்கை: விமானத்தில் துப்பாக்கியே கொண்டுபோக முடியாது.

உண்மை: முறைப்படி கொண்டுபோகலாம். புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டவர். அவரைப் போன்ற வீரர்கள் ஊர் ஊராகத் துப்பாக்கியோடுதான் பறக்கிறார்கள். கைப்பையில் மட்டும் கூடவே கூடாது. கவுன்ட்டரில் போடும் பெட்டியில்தான் போகவேண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். கவுன்ட்டரில் நாமே சொல்லி, அசல் லைசென்ஸைக் காட்ட வேண்டும். குண்டு நீக்கிய துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க, தோட்டாக்களைத் தனியே பத்திரமாகக் கட்ட வேண்டும். உலக விமானப் போக்குவரத்து விதிப்படி, தோட்டா ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் கூடாது. நிறுவனங்கள் இதைவிடக் குறைத்தும் வைக்கலாம்.

நம்பிக்கை: லைசென்ஸ் இருந்தால் எங்கும் செல்லும்.

உண்மை: லைசென்ஸில் செல்லுபடியாகும் பரப்பு எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால் டெல்லியில் அது உதவாது. கடல் தாண்டினால் அந்த நாட்டு அனுமதியும் வேண்டும். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை, 6 பிரம்படி.

நம்பிக்கை: ஒற்றைத் தோட்டாதானே, விட்டுவிடுவார்கள்.

உண்மை: அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். அன்று தோட்டாக்களைப் போட்டு எடுத்துப்போன அதே ரெக்சின் பைதான் பிறகு பயணத்துக்கும் கிளம்புகிறது. பக்கவாட்டு உறையின் கிழிசலுக்குள் ஒன்று நழுவிக் கிடக்கும். நம் கைக்கு அகப்படாத அதன் பித்தளை அடிப்பாகம், ஸ்கேனர் திரையில் பளிச்சென்று தெரியும். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. மறதியால் வந்த பல வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு கைக்கு வருமுன் விமானம் போய்விடும். வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டிவரும்.

நம்பிக்கை: ஐயா காலத்துத் துப்பாக்கி வெறும் அலங்காரப் பொருள், அவர் லைசென்ஸே நமக்கும் போதும்.

உண்மை: லைசென்ஸ் சொத்தைப் போலத் தானாகப் பிள்ளைக்கு இறங்காது. வாரிசு தன் பெயரில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதுவரை துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைத்துவைக்க வேண்டும். பழசாகிவிட்டது என்ற காரணம் மட்டும் செல்லாது. பழுதுபார்த்தாலும் சுடமுடியாத நிலையில் இருந்தால்தான் சட்டம் விலக்குத் தருகிறது.

நம்பிக்கை: பொம்மைத் துப்பாக்கி, ஏர்கன், அரிவாளுக்கெல்லாம் கட்டுப்பாடு இல்லை.

உண்மை: பேரனுக்கு வாங்கிய பொம்மைத் துப்பாக்கியானாலும் கைப்பையில் அனுமதியில்லை. திருப்பாச்சி அரிவாளும் அப்படித்தான்; உறையிட்டுப் பெட்டியில் போட வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு இந்தியாவில் லைசென்ஸ் வேண்டாம். ஆனாலும் விமான நிறுவனத்திடம் சொல்லித்தான் ஏற்ற வேண்டும்.

சொல்லிவிட்டுக் கொண்டுபோகிறவருக்குச் சட்டம் வழி விடுகிறது. சொல்லாமலும் பார்க்காமலும் போகிறவர்தாம் அகப்படுகிறார். எனவே துப்பாக்கிக்கென்று ஒரு பையைத் தனியாக ஒதுக்குங்கள். அதில் துணிமணி வைக்காதீர்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால், ஊருக்குப் போகுமுன் எந்தப் பையையும் கவிழ்த்து உதறி, ஒவ்வோர் உறையையும் விரல்விட்டுப் பாருங்கள். பெரியவர்களின் பழைய பையை இரவல் வாங்கிப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.