மிஸ்ஃபயர்: குறியீடு சொல்வதும் சொல்லாததும்

சிலிண்டருக்குள் போகும் பெட்ரோல் காற்றுக் கலவை சரியாக எரியாமல் விட்டுப்போவதே மிஸ்ஃபயர். சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறும்; மேட்டில் இழுக்காது. தீப்பொறி, பெட்ரோல், கம்பிரஷன் மூன்றில் எது குறைந்தாலும் இப்படி ஆகும்.

ஸ்கேனரில் பி0302 என்ற குறியீடு வந்தால் இக்னிஷன் காயில் போய்விட்டது என்பது பரவலான நம்பிக்கை. இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதுவும் சொல்வதில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். பி0303 வந்தால் பழுது காயிலில்தான். பி0302 அப்படியே நின்றால் அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்க்கலாம். இதைச் செய்யாமலே நாலு காயிலையும் மாற்றச் சொல்லும் பட்டறை, தன் ஊகத்துக்கு வாடிக்கையாளரிடம் காசு வாங்குகிறது. பினாங்கில் 2017 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளத்தில் சிக்கிய வண்டி என்றால், முதலில் பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ரான்97 அடித்தால் உதறல் நிற்கும் என்பதும் தவறு. ஆக்டேன் எண் என்ஜின் தட்டலைத் தடுக்கும். செத்த காயிலுக்கு உயிர் கொடுக்காது.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் விஷயம் வேறு. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டை உருக்கிவிடலாம். மின்னும் விளக்கோடு 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கடந்துவிடலாம் என்ற துணிச்சல், காயிலோடு முடியும் செலவைக் கன்வெர்ட்டர் வரை இழுத்துவிடும்.

என்ஜினையே இறக்க வேண்டும் என்று பட்டறை சொன்னால் கம்பிரஷன் அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் சிறிது என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

வேலை செய்து முடித்த பிறகு பட்டறையை ஒன்றும் கேட்க முடியாது என்று நினைப்பவர்கள் பலர். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, 5 ரிங்கிட் கட்டணத்தில், மூன்று ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதியலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆகவே கழற்றிய பழைய பாகங்களையும், வேலையைத் தனித்தனியாக எழுதிய பில்லையும் பட்டறையிலிருந்து கிளம்பும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.